பாவாத்தாள் செட்

மூன்று தட்டு, ஆறு பாட்டு, கெட்டி அட்டையில் பைண்டு பண்ணின ஒரு உறை. அதுதான் செட். வாங்கிப்போனவர்களில் ஒருத்தர்கூட அது நன்றாக இல்லை என்று சொன்னதில்லை. யாராவது ஒரு ஆள் வந்து, "என்ன கருமம் பாய் இது, காது வலிக்குது" என்று மேஜைமேல் போட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருத்தரும் வரவில்லை.

என் பெயர் ரசாக். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ரேடியோ ரிப்பேரும் கிராமபோன் தட்டு வியாபாரமும் பார்த்தவன். மட்டமான பாட்டுதான் எனக்குச் சோறு போட்டது. நல்ல பாட்டு அலமாரியில் தூசி குடித்துக்கொண்டிருக்கும். அதனால் நல்ல பாட்டு என்றாலே எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். யுத்த காலத்தில் பட்டாளத்தில் ரேடியோ பார்த்ததில் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டது. அந்த இங்கிலீஷ்தான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்துவிட்டது.

ஐம்பத்தேழாம் வருஷம் திருச்சி ரோட்டில் ஒரு சினிமா ஸ்டுடியோவுக்கு ஸ்பீக்கர் கொடுக்கப் போயிருந்தேன். படக்காரர்கள் ஒவ்வொருத்தராக மெட்ராசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். அன்றைக்கு ஒரு நாற்று நடவு சீன். பாட்டுக்குப் பின்னால் கூட்டமாகக் குரல் கொடுக்கத் துடியலூர்ப் பக்கத்திலிருந்து பெண்களைக் கூட்டிவந்திருந்தார்கள். அதில் ஒருத்தி பழனியாத்தாள். மில்லில் நூல் சுற்றும் வேலை. சுற்றுப்பட்டு ஊர்களில் யார் வீட்டில் இழவு விழுந்தாலும் ஒப்பாரி வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற நேரத்தில் நடவுக்கு, தாலாட்டுக்கு, சும்மா வம்புக்கு என்று எல்லாவற்றுக்கும் பாட்டுக் கட்டுவாள். யாரிடமும் வாங்கிப் பாடுகிறவள் இல்லை. வாயைத் திறந்தால் அவளுடைய பாட்டுதான்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எதையோ முனகிக்கொண்டிருந்தாள். உள்ளே ரெக்கார்டிங் ரூமிலிருந்து பியானோ அந்த முனகலுக்குப் பின்னாலேயே வந்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. அவள் ஆரம்பித்தால் அதுவும் ஆரம்பித்தது. "எவன்டா அவன், என்ற வாயப் புடிச்சுட்டே வாரான்?" என்று எழுந்து உள்ளே போனாள். நான் வேடிக்கை பார்க்கப் பின்னால் போனேன்.

பியானோவில் இருந்தவன் லெஸ்லி. போத்தனூர் ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியன், ஊர் வாயில் சட்டைக்காரன். ரயில்வே கிளப்பில் சனிக்கிழமை டான்சுக்கு ஜாஸ் வாசிப்பான். ஸ்டுடியோவில் கிளப் டான்ஸ் பாட்டு வந்தால் கூப்பிடுவார்கள். அண்ணன் தம்பி எல்லாம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியாகிவிட்டது. இவனுக்கும் காகிதம் தயாராகிக்கொண்டிருந்தது. "ஊரான் போட்ட மெட்டையே இத்தனை வருஷம் வாசிச்சுட்டேன் ரசாக். போறதுக்குள்ள என்னோடதுன்னு ஒண்ணு வேணும்" என்று என்னிடம் இங்கிலீஷில் புலம்புவான். அவனுக்குத் தெரிந்த தமிழ் கறிக்கடைக்கும் ஜட்கா வண்டிக்கும்தான் போதும்.

அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் நாக்கு. அவள் பியானோவைப் 'பெரிய பொட்டி' என்பாள். "அந்தக் கருப்புக் கட்டைய இன்னொருக்கா அமுத்தச் சொல்லுங் பாய். அங்கதான் வலிக்குது" என்பாள். அவன் அமுத்துவான். "அதேதானுங்க" என்பாள். அவள் பாட்டுக்குக் கணக்கு கிடையாது, மூச்சு இருக்கும்வரை இழுப்பாள். அவன் அந்த இழுப்புக்குக் கீழே பாய் விரிக்கிற மாதிரி விரித்துக்கொண்டே போவான். சினிமாவுக்கு நாளெல்லாம் பேரம் பேசும் வித்வான்களைப் பார்த்தவன் நான். இப்படி ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டு பாடினதைப் பார்த்ததில்லை.

இதைக் கண்ணாடி அறையிலிருந்து கேட்டுவிட்டார் வெங்கடபதி நாயுடு. மில் குடும்பத்துக் கடைசிப் பையன். அண்ணன்மார் மில்லைப் பார்த்துக்கொள்ள, இவர் பாட்டுக் கிறுக்கு. "ஏனுங்க பாய், இவங்க ரெண்டு பேரையும் வச்சு, தட்டுல நாடகம் செட் போடறாப்பல ஒரு பாட்டு செட் போட்டுருவமுங்களா? நீங்க வித்துக் குடுங்க" என்றார். நான் இங்கிலீஷில் சொன்னதும் லெஸ்லி அந்த இடத்திலேயே தலையாட்டினான். பழனியாத்தாள் மட்டும் உடனே தலையாட்டவில்லை.

அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "தட்டுல பாடுனா மலைக்கெல்லாம் கேக்குமுங்களா?"

"எந்த மலைக்கு?"

"அது தெரிஞ்சாத்தான் நானே நடந்து போயிருப்பனே."

அப்புறம் சொன்னாள். அவளுக்கு ஒரே மகள், பாவாத்தாள். காளிச்சாமி என்று லாரி ஓட்டுகிற பையன், வேறு சாதி. இரண்டு பேரும் முந்தின வருஷம் ஓடிப்போய்விட்டார்கள். மலைக்குப் போனார்கள் என்பது மட்டும்தான் சேதி. வால்பாறையா, நீலகிரியா, சத்தியமங்கலத்துக்கு மேலேயா, யாருக்கும் தெரியாது. ஆள் விட்டு விசாரித்தால், வெட்டத்தான் வருகிறார்கள் என்று பயந்து இன்னும் உள்ளே ஓடிவிடுவார்கள். பழனியாத்தாளின் புருஷன் அங்கப்பன், மகள் செத்துவிட்டதாக மொட்டையடித்துத் தலைமுழுகிக் கருமாதி செய்துவிட்டான். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் பானை உடைத்தான். ஊர் கூடி உட்கார்ந்து, ஒப்பாரி வை என்று பழனியாத்தாளைப் பார்த்தது. ஊர்ச் சாவுக்கெல்லாம் பாடினவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அங்கப்பன் அடித்தும் பார்த்தான். அதிலிருந்து அவன் அவளோடு பேசுவதில்லை. ஒரே வீட்டில் சோறு மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது.

"டீக்கடைல ஒரே பாட்டு எல்லா ஊர்லயும் பாடுதுங்களே பாய். என்ற பாட்டும் அப்படிப் பாடுனா அவ கேப்பாளல்லங்க? அவ பேர வச்சு ஒரு பாட்டு. அதுக்கு ஒத்துக்கிட்டா பாக்கி அஞ்சும் பாடறனுங்க."

நான் ஒத்துக்கொண்டேன். எனக்கென்ன, மேலே அத்தனை பஜாருக்கும் நான்தானே தட்டுக் கொண்டுபோகிறவன்.

ஐந்து பாட்டு பகலில் மில் ஷிப்ட் இல்லாத நாட்களில் முடிந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, காக்கைகளைக் கல்லெறிந்து விரட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் பாடினார்கள். ஆறாவதுதான் பாவாத்தாள் பாட்டு. அதைப் பாடிக் காட்டியபோது எனக்குத் திக்கென்றது.

*மலையோரம் போன மயிலே – உன் மனங்கல்லாப் போனதென்ன
பாவாத்தா எங்கண்ணே – நீ படிதாண்டிப் போனதென்ன
பெத்தவயிறு பத்தியெரியுது – நீ பேசாமப் போனதென்ன
எந்திருச்சு வாடி கண்ணு – உங்காத்தா காத்திருக்கேன்*

"ஏம்மா, இது ஒப்பாரி மெட்டாச்சே" என்றேன்.

"வாய்க்கு வேற மெட்டு வரமாட்டேங்குதுங்க. அவள நெனச்சா இதுதான் வருது. ஆனா கடேசி அடியக் கேளுங்" என்றாள்.

*பஸ்ஸேறி வா கண்ணு – பையப் பைய எறங்கி வா
சாங்காலச் சங்கூத – மில்லு கேட்டுல நானிருப்பேன்
அப்பனூடு சாத்துனா என்ன – ஆத்தா நானிருக்கேன்
கட்டுனவனக் கூட்டிக்கிட்டுக் கைய வீசி நடந்து வா*

அப்போது சரிதான் என்று பட்டது. ஒப்பாரியிலும் எழுந்து வா, திரும்பி வா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் செத்தவளை யாரும் பஸ்ஸேறி வரச் சொல்வதில்லை. அந்தக் கடைசி அடி இருக்கிறவரை மெட்டு எதுவானால் என்ன?

தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். கடைசி அடிக்கு முன்னால் லெஸ்லி கொஞ்சம் தனியாக வாசிக்கவேண்டும், ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அவள் பஸ் அடியைப் பாடி முடிக்கவேண்டும். சவுண்டு பார்த்த கண்ணையா, நேரம் முடிந்ததும் சிவப்பு பல்பை அணைப்பார். அப்படித்தான் பேச்சு.

முதல் தடவை எடுத்தபோது அவள் முதல் நாலு வரியும் பாடினாள். லெஸ்லி தனியாக ஆரம்பித்தான். ஒரு மூச்சு ஆனதும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அவன் இன்னொரு சுற்றுப் போனான். அவள் வரவில்லை. அப்புறம் அவன் அவளைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். இடது கை கீழே இறங்கி இறங்கிப் போய், இனிமேல் மேலே வராது என்று நாம் பயப்படுகிற இடத்தில் கொஞ்சம் நின்று, பிறகு ஒற்றைக் கட்டையில் அவள் குரல் மாதிரியே ஒரு இழுப்பு. அந்த மாதிரி நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்கவில்லை. பல்பு அணைந்தது. கண்ணையா கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசினவன் லெஸ்லிதான். "அவ வரலையே. அந்த பஸ் வரி முக்கியம்னு நீதானே சொன்னே? மறுபடி எடுக்கச் சொல்லு" என்றான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

மறுபடி எடுத்தோம். லெஸ்லி தன் பங்கைச் சுருக்கிக்கொண்டான். அவள் பஸ் அடியைப் பாடினாள். இரண்டையும் போட்டுக் கேட்டோம். இரண்டாவதில் பஸ் இருந்தது, கேட் இருந்தது, பாட்டு இல்லை. வெங்கடபதி நாயுடு பழனியாத்தாளைப் பார்த்தார். அவள் மகள், அவள் பாட்டு, அவள் சொல்லட்டும் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

"மொதல்ல எடுத்ததே இருக்கட்டுமுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, எதுக்காக இத்தனை பாடு? சேதி அதுலதானே இருக்குது?"

"தெரியுதுங்க பாய். ஆனா பொட்டில அவரு அப்படிச் சொன்னதுக்கு மேல நானு போயி பஸ்சு, கேட்டுன்னு பேசுனா அசிங்கமா இருக்குமுங்க. எனக்குக் கூசுது." பிறகு, "என்ற கொரலக் கேட்டாப் போதாதுங்களா? என்ற மவளுக்கு என்னத் தெரியாதுங்களா?" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னபோது முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. ஓடிப்போன மகளின் தாய்க்கு வருகிற பூரிப்பு இல்லை. நல்ல பாட்டைக் கட்டி முடித்தவளுக்கு வருவது. மனுஷர்களுக்கு அது ஒரு பொல்லாத ருசி.

தட்டு கல்கத்தாவில் அச்சாகி வந்தபோது லெஸ்லி கப்பலேறும் வாரம். உறையில் இரண்டு பேர் பெயரும் சமமாகப் போட்டிருந்தது. போத்தனூர் பிளாட்பாரத்தில் அதைக் குழந்தையைப் போல நெஞ்சில் அணைத்துக்கொண்டு ரயிலேறினான். அதன் பிறகு நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. நானும் தெரியப்படுத்தவில்லை. ஒருத்தனாவது நிம்மதியாக இருக்கட்டும்.

வைகாசியில் செட்டை எடுத்துக்கொண்டு நான் மலையேறினேன். ஊட்டி, கூடலூர், பிறகு வால்பாறை. வால்பாறை பஜாரில் கரீம் டீக்கடையில் ஒரு கிராமபோன் உண்டு. வாரச் சந்தைக்கு எஸ்டேட் ஜனம் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். கரீமிடம் ஒரு செட் கொடுத்து, சந்தைக்குச் சந்தை ஆறாவது பாட்டைக் கட்டாயம் போடவேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கீழே பழனியாத்தாள் தினமும் சாயங்காலச் சங்கு ஊதியதும் எல்லாரும் போனபிறகும் மில் கேட்டில் நிற்க ஆரம்பித்தாள். ஆடி முடிந்தது, ஆவணி முடிந்தது. யாரும் வரவில்லை.

மழை விட்டபிறகு ஐப்பசியில் நான் மறுபடி வால்பாறை போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கினதுமே கரீம் என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போனான். அவன் மனைவி ஜாஹிதா அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள்.

"பாய், அந்தப் பாட்டு எதுக்காகப் பாடினது?" என்றாள்.

சொன்னேன். மகளைத் திரும்பக் கூப்பிடத்தான் என்றதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பாவாத்தாள் வால்பாறையில்தான் இருந்தாள். எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்தில், வேறு பெயரில். சந்தைக்கு வரும்போதெல்லாம் ஜாஹிதாவின் அடுப்படியில் கொஞ்சநேரம் உட்கார்ந்து போவாள். அப்பன் பானை உடைத்ததும் அவளுக்குத் தெரியும், ஆத்தா பாடவில்லை என்பதும் தெரியும். காளிச்சாமிக்கு வேண்டிய லாரிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள், இவர்கள் இருக்கும் இடத்தைக் கீழே யாருக்கும் சொல்லாமல். அதை லயத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். "எங்கப்பனுக்கு நான் செத்துட்டேன். எங்காத்தாளுக்குச் சாகல. ஊரே சொல்லியும் எனக்குப் பாட மாட்டேன்னுட்டா." அவள் கர்ப்பமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? புரட்டாசியில் கீழே இறங்கிப்போய் மில் கேட்டில் ஆத்தாளைப் பார்ப்பது என்று முடிவு செய்து, சேலைகூட எடுத்துவைத்திருந்தாள். மில் கேட் அவளுக்கே தோன்றியிருக்கிறது, பாட்டு சொல்லாமலே.

"நீங்க செட் குடுத்துட்டுப் போன அடுத்த சந்தையில இவர் பாட்டைப் போட்டார்" என்றாள் ஜாஹிதா. "முதல் அடியிலேயே அந்தப் பொண்ணு முகம் செத்துப்போச்சு பாய். பாட்டு முடியட்டும்னு நின்னா. குரல் நின்னு அந்தப் பியானோ ஓடுச்சே, அப்பவும் ஏதோ வரும்னு நின்னுட்டே இருந்தா. ஒண்ணும் வரல. இன்னொரு தடவை போடச் சொன்னா. அப்புறம் எங்கிட்ட வந்து, 'பாடிட்டாங்க்கா. எங்காத்தாளும் பாடிட்டா. ஊருலகத்துக்கே கேக்கறாப்பல பாடிட்டா'ன்னா. நான் என்ன சொல்ல முடியும்? எனக்கும் அது ஒப்பாரியாத்தான் பட்டுச்சு."

பாவாத்தாள் கீழே இறங்கவில்லை. காளிச்சாமி கெஞ்சியிருக்கிறான். "செத்தவ எங்க போயிப் பெத்துக்கறது?" என்று சொல்லிவிட்டாளாம். லயத்திலேயே பிரசவம். குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை. பிணத்தைக் கிடத்தியபோது அவள் ஊர்ப் பாட்டு தெரிந்தவர்கள் லயத்தில் ஒருத்தரும் இல்லை. காளிச்சாமிதான் வந்து கரீமிடம் கிராமபோனைக் கேட்டிருக்கிறான். அவளைத் தூக்குகிறவரை அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் உதவவில்லை. நேராக மில்லுக்குப் போனேன். சங்கு ஊதியது. தலையில் பஞ்சுத் தூசியோடு பெண்கள் வந்தார்கள். பழனியாத்தாள் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள். வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

நான் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, மறைத்தாலும் லாரிக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அவள் கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று மற்றப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். அவள் அழவில்லை. எனக்குத்தான் நடுரோட்டில் அழுகை வந்துவிட்டது.

"கொழந்தை?" என்று மட்டும் கேட்டாள்.

"பொட்டப்புள்ளை. காளிச்சாமியோட அம்மா சத்தியமங்கலத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்குது."

வீட்டில் அங்கப்பன், "எனக்கு ஒருக்காத்தான் மக, ஒருக்காத்தான் சாவு" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டானாம். அவனைத் திட்ட வேண்டும் என்று பலநாள் நினைத்தேன். திட்டுவதற்குக்கூட அந்த வீட்டில் ஆள் மிச்சமில்லை.

அடுத்த வாரம் பழனியாத்தாள் சத்தியமங்கலம் போனாள். காளிச்சாமியின் தாய் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "பெத்த மகளுக்கு உசுரோட ஒப்பாரி வெச்சவ கண்ணு எம்பேத்தி மேல படப்படாது" என்றாளாம். உள்ளே குழந்தை அழுதது மட்டும் காதில் விழுந்ததாம். பஸ் ஏறித் திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. என் கடைக்கு வந்தாள்.

"அதப் போடுங் பாய்."

"எதுக்கும்மா? வேண்டாம்."

"நானு அத வெளிய நின்னு கேட்டதே இல்லீங்க. அவ கேட்டாப்பல ஒருக்கா கேக்கோணும்."

போட்டேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். அவள் குரல் வந்தது. முகம் கல்லாக இருந்தது. "ஆமாங்க, ஒப்பாரியேதான்" என்றாள். குரல் நின்றது. லெஸ்லி ஆரம்பித்தான். இடது கை கீழே இறங்கி இறங்கிப் போனது. அது போய் நிற்கிற இடத்தில் அவள் தலை தானாக ஒருபக்கம் சாய்ந்தது, கண் மூடியது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் உணர்ந்துவிட்டாள். தூக்கிவாரிப்போட்ட மாதிரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது.

"பாயி, இப்பவும் அந்த எடம் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள். "என்ற மக செத்த எடம், எனக்கு இன்னும் நல்லாத்தான் இருக்குதுங்க. நானு என்னங்க பண்ணட்டும்?"

கடைக்கு வெளியே பஸ் போய்க்கொண்டிருந்தது. அவள் அழுது முடியும்வரை நான் கதவைச் சாத்திவிட்டு நின்றிருந்தேன். அதற்கப்புறம் அவள் பாட்டுக் கட்டவே இல்லை.